வீட்டு வரைபடமும் ஃபெங் சுயி அறிவுரைகளும்: எதை ஏற்பது, எதை விடுவது?

புதுமனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கட்டவிருக்கும் இரண்டடுக்கு வீட்டின் வரைபடம் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அடித்தளம் தோண்டத் தொடங்கிவிட்டால் பிறகு எதையும் மாற்ற இயலாது என்பதால் இப்போதே உங்கள் கருத்தை நாடுகிறேன்.

வீட்டின் அமைப்பையும் திசையையும் பார்க்கும் சீன மரபான ஃபெங் சுயியில் என் மனைவிக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு. அவர் விருப்பப்படி ஆலோசகர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டியபோது அவர் பல குறைகளைச் சுட்டினார். வாசற்கதவும் பின்கதவும் நேர்கோட்டில் இருப்பதால் உள்ளே வரும் உயிராற்றல் தங்காது. நுழைந்தவுடன் மாடிப்படி எதிர்ப்படுவதால் கீழ் மூன்று படிகளை வளைத்துத் திருப்ப வேண்டும். வீடு ‘ட’ வடிவில் இருப்பதால் விடுபட்ட மூலையில் ஓர் அறையைக் கட்டிச் சதுரமாக்க வேண்டும். செல்வத்துக்குரிய மூலையில் வந்திருக்கும் கழிப்பறையை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். இவை தவிர, அடுப்பும் கழுவுதொட்டியும் ஒட்டியிருப்பது, எங்கள் படுக்கைக்கு மேலே உத்தரம் ஓடுவது, எனக்கும் மனைவிக்கும் பிறந்த ஆண்டின்படி உகந்த திசைகள் எதிரெதிராக அமைவது ஆகியவற்றையும் குறிப்பிட்டார்.

எங்கள் பொறியாளரோ இவற்றில் ஒன்றுக்கும் பொருளில்லை என்று ஒதுக்கிவிட்டார். அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. அதே சமயம், காற்றும் வெளிச்சமும் கெடும்படியாக எதையும் மாற்றவும் விரும்பவில்லை. இவற்றுள் எவற்றுக்கு நடைமுறைக் காரணம் உண்டு, எவற்றை விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வரைபலகை எழுதியது:

நான் கட்டட வடிவமைப்பாளன். இத்தகைய பட்டியலோடு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு விதியை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பதற்கு முன், அது எந்தச் சிக்கலுக்கு விடையாகத் தோன்றியது என்று கேளுங்கள். அந்தச் சிக்கல் உங்கள் மனையிலும் இருக்குமானால் விதி உங்களுக்கு உதவும். இல்லையென்றால் அதற்காகச் சுவரை நகர்த்தத் தேவையில்லை.

ஃபெங் சுயியின் பழைய பிரிவு நில அமைப்பைப் பார்ப்பது. பின்னால் மலையும், இருபுறமும் தாழ்ந்த குன்றுகளும், முன்னால் திறந்த வெளியும் நீரும் இருக்க, வீடு தெற்கு நோக்கி அமைவதையே அது சிறந்ததாகக் கொண்டது. சீனாவின் வடபகுதியில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசுகிறது. அந்தப் பருவத்தில் சூரியன் தெற்கு வானில் தாழ்வாகச் செல்கிறது. ஆகவே முதுகுப்புறம் மலையையும் முகப்பில் தெற்கு வெயிலையும் வைத்துக்கொண்டவர்கள் குளிரிலிருந்து தப்பினார்கள். இது கூர்மையான கவனிப்பிலிருந்து வந்த அறிவு, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் தெற்கு அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலோ ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கிலும் மறுபகுதியில் தெற்கிலும் நிற்கிறது. எனவே திசை பற்றிய விதிகளை எங்கும் அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. உங்கள் மனையில் வெயிலும் காற்றும் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதே முதல் கணக்காக இருக்க வேண்டும்.

உங்கள் பட்டியலில் மிகவும் சிந்திக்க வேண்டியது நேர்கோட்டுக் கதவுகள்தான். குளிர்ந்த நிலத்தில் அவை வீட்டின் நடுவே வாடைக்காற்றுக்கு வழிவிடும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நிலத்தில் அதே அமைப்பு உடல்வியர்வையை ஆற்றும் வரப்பிரசாதமாகும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில், கூரை உயரத்தின் இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் காற்றோட்டம் பயனளிக்கும் என்றும், எதிர்ச் சுவரிலும் திறப்பு இருந்தால் அது ஐந்து மடங்கு வரை எட்டும் என்றும் வடிவமைப்பில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. கூரை 3 மீட்டர் உயரமென்றால் முதலாவது 7.5 மீட்டர், இரண்டாவது 15 மீட்டர். ஆகையால் பின்கதவை அடைத்துவிடாதீர்கள். ஆனால் ஆலோசகர் சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது. திறப்புகள் நேருக்கு நேராக இருந்தால் காற்று அந்த ஒரே தடத்தில் விரைந்து கடந்துவிடும். அறையின் ஓரங்களில் அசைவே இராது. பின்கதவை ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ பக்கவாட்டில் நகர்த்தினால் காற்று குறுக்காகப் பயணித்து அறை முழுவதையும் தொடும்; தெருவில் நிற்பவருக்கு வீட்டின் பின்பக்கம் வரை தெரியும் நிலையும் நீங்கும். பெய்ஜிங்கின் பழைய நாற்புற முற்ற வீடுகளில் வாயிலுக்கு நேரே ஒரு மறைப்புச் சுவர் நிற்பதன் பயன்களுள் இந்த அந்தரங்கமும் ஒன்று. கதவை நகர்த்த முடியாவிட்டால், துளைகள் கொண்ட ஒரு மரத்தட்டியை இடையில் நிறுத்தலாம்.

விடுபட்ட மூலையில் அறை கட்டும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். ‘ட’ வடிவத்தால் கிடைக்கும் முதன்மையான நன்மையே பல அறைகளுக்கு இரண்டு பக்கங்களிலிருந்து வெளிச்சம் வருவதுதான். அந்த மூலையை நிரப்பினால் நடுவிலுள்ள அறைகள் பகலிலும் விளக்கை நம்பியிருக்கும். இருப்பினும், இந்த வடிவத்துக்கு வேறொரு பலவீனம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலநடுக்கத்தின்போது இரு கைகளும் வெவ்வேறு விதமாக அசைய முயல்வதால் உள்மடிப்பு மூலையில் விசை குவிகிறது. நீண்டிருக்கும் கை, அந்தத் திசையில் கட்டடத்தின் மொத்த நீளத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் போகுமானால் பல கட்டட விதிகள் அதை ஒழுங்கற்ற வடிவமாகக் கணக்கிடுகின்றன. உங்கள் பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர் இதற்குக் கட்டாயம் விடை வைத்திருப்பார்.

குழாய்வழி எழுதியது:

கழிப்பறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் தொழில் அதுதான்.

கழிவுக் குழாய் புவியீர்ப்பால் மட்டுமே இயங்குகிறது. 100 மில்லிமீட்டர் குழாய்க்கு வழக்கமாக நாற்பதுக்கு ஒன்று என்று வாட்டம், அதாவது சரிவு, கொடுப்போம். கழிப்பறையை வீட்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால் குழாயின் நீளம் பத்து மீட்டர் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் 250 மில்லிமீட்டர் கூடுதல் தாழ்வு தேவை. அந்தத் தாழ்வு தரைத்தளத்தில் கிடைக்கலாம், மாடியில் கிடைக்காது. கீழ் அறையின் கூரைக்கு அடியில் குழாய் தொங்கும். நீளமும் வளைவுகளும் கூடக் கூட அடைப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது. குளியலறை, கழிப்பறை, சமையலறை மூன்றையும் அருகருகே அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதே நல்ல வரைபடத்தின் அடையாளம். அதை எந்த மூலைக்காகவும் குலைக்காதீர்கள்.

ஆனால் கழிப்பறையைப் பற்றிய அந்த அச்சம் முழுக்க ஆதாரமற்றது என்றும் நான் சொல்லமாட்டேன். தண்ணீர்ப் பூட்டு என்று நாங்கள் சொல்லும் வளைவில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் நீர் நின்றுதான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. புழங்காத குளியலறையின் தரைவடிகாலில் அந்த நீர் உலர்ந்துபோனால் துர்நாற்றம் வந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும். காற்றுக் குழாயைக் கூரைக்கு மேல் வரை கொண்டுசெல்வதும், வெளிச்சுவரில் ஜன்னல் வைப்பதும், கதவு உணவு மேசையையோ அடுப்பையோ நோக்கித் திறக்காமல் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதவை. மூடியை மூடிவிட்டு நீர் விடுங்கள் என்ற ஃபெங் சுயி அறிவுரையும் நல்லதே. பெரிய துளிகள் தெறிப்பதை அது தடுக்கும். மிக நுண்ணிய துகள்கள் இடுக்கு வழியே வெளியேறத்தான் செய்யும் என்பதால், காற்றை வெளியேற்றும் விசிறி மூடியைவிட முக்கியம்.

திசைகாட்டி எழுதியது:

நான் ஃபெங் சுயியைப் பல ஆண்டுகளாகப் படித்தும் கடைப்பிடித்தும் வருபவள். மேலே எழுதிய இருவரும் மதிப்போடு எழுதியிருப்பதற்கு நன்றி. செல்வ மூலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஃபெங் சுயி என்பது ஒரே முறை அன்று. காந்த ஊசி கொண்டு திசை பார்க்கும் பிரிவுகளின் வழியில் செல்வத்தைத் தென்கிழக்கோடு இணைப்பவர்கள் உண்டு. லின் யுன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய பிரிவு திசையையே பார்ப்பதில்லை. வாசலில் நின்று உள்ளே நோக்கும்போது தொலைவில் இடப்பக்கம் இருக்கும் மூலையே அங்கே செல்வ மூலை. உங்கள் வாசல் வடக்குச் சுவரில் இல்லாதவரை இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு அறைகளைக் காட்டும். ஆகவே உங்கள் ஆலோசகர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று கேளுங்கள். இரண்டு பிரிவுகளின் விதிகளை ஒரே வீட்டில் கலப்பதைத் தேர்ந்தவர்கள் எவரும் செய்யமாட்டார்கள்.

கணவன் மனைவி திசைகளும் அப்படித்தான். எட்டு மனைகள் என்னும் முறை, பிறந்த ஆண்டையும் பாலினத்தையும் கொண்டு மனிதர்களைக் கிழக்குக் குழு, மேற்குக் குழு என்று பிரிக்கிறது. ஒரு குழுவுக்கு உகந்த நான்கு திசைகளும் மற்றக் குழுவுக்கு ஆகாதவை. தம்பதியர் இரு குழுக்களாக அமைவது மிகவும் சாதாரணமானது. இதற்காக எந்த இணையரும் மனம் வருந்த வேண்டியதில்லை. நான் அத்தகைய வீடுகளில் படுக்கையின் திசையை விட்டுவிட்டு இடத்தை மட்டுமே பார்ப்பேன்: தலைமாட்டில் உறுதியான சுவர் இருக்க வேண்டும், படுத்தபடியே கதவைக் காண முடிய வேண்டும், ஆனால் கதவுக்கு நேராகக் கால் நீட்டியிருக்கக் கூடாது. கூடத்து வெளிச்சமும் ஓசையும் நேரே முகத்தில் படாமல், யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு உறங்குவது நம்பிக்கை இல்லாதவருக்கும் இதம் தரும். வெப்பமான ஊரென்றால் மாலை வெயில் படும் மேற்குச் சுவரைத் தலைமாட்டுக்குத் தவிர்த்துவிடுங்கள். செங்கல் சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் விடும்.

உத்தரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், கட்டிலை அதன் அடியிலிருந்து நகர்த்தினால் போதும். அதை மறைக்கப் பொய்க்கூரை போட்டு அறையின் உயரத்தைக் குறைப்பது எனக்கு உடன்பாடில்லை. தலைக்கு மேலே கனமான அலமாரியோ கண்ணாடிச் சட்டமோ மாட்டுவதுதான் உண்மையான ஆபத்து.

விடுபட்ட மூலைக்கு எங்கள் மரபிலேயே எளிய தீர்வு இருக்கிறது. கட்டடம் சதுரமாக இருந்திருந்தால் மூலை எங்கே வந்திருக்குமோ அந்தப் புள்ளியில் ஒரு விளக்குக் கம்பமோ மரமோ வைத்தால் போதும். வரைபலகை அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வீட்டில் வாழப்போகும் பெண்மணியின் மன நிறைவையும் வடிவமைப்பின் தேவைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஓர் உறுத்தலோடு கடக்கும் வாசல், எவ்வளவு காற்று வந்தாலும் நல்ல வாசல் ஆகாது.

புதுமனை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று பதில்களையும் நானும் மனைவியும் சேர்ந்து படித்தோம். கழிப்பறையை இருந்த இடத்திலேயே விடவும், பின்கதவை நகர்த்தவும் அவர் முழு மனத்துடன் ஒப்புக்கொண்டார். மாடிப்படியும் அடுப்பும் எஞ்சியிருக்கின்றன. படிகளை வளைக்கலாமா?

வரைபலகை எழுதியது:

வளைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வளைந்த படி உட்புறம் ஒடுங்கியும் வெளிப்புறம் அகன்றும் இருக்கும். இறங்குபவரின் பாதம் ஒவ்வொரு படியிலும் வேறு அளவைச் சந்திக்கும். அடிப்படிகளை நெருங்கும்போது தரைக்கு வந்துவிட்டோம் என்று கவனம் தளர்வது இயல்பு, அந்த இடத்தில் ஒடுங்கிய படியை வைப்பது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தீங்கானது. ஒரு படியின் உயரத்தை இரு மடங்காக்கி, மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் 600 முதல் 640 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும் என்ற விதி 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக் கலைஞர் புளோந்தெல் வகுத்த கணக்கிலிருந்து வருகிறது; 170 உயரமும் 280 அகலமும் வைத்தால் 620 கிடைக்கும். அதைவிட முக்கியம் எல்லாப் படிகளும் ஒரே அளவில் இருப்பது.

ஆலோசகரின் கவலையில் நியாயமானது படியடிக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி. தடுமாறி இறங்குபவர் நேரே கதவில் மோதக் கூடாது. கதவு முழுவதும் திறந்த பின்னும் படியின் அகலத்துக்குக் குறையாத வெற்றிடம் அங்கே இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் முதல் நான்கு படிகளுக்குப் பின் ஒரு சதுர இடைத்தளம் வைத்து மாடிப்படியைச் செங்கோணத்தில் திருப்புங்கள். படிகள் நேராகவே இருக்கும், வாசலில் நிற்பவருக்கு மாடியும் தெரியாது. உங்கள் மனைவியின் விருப்பமும் நிறைவேறும்.

அடுப்பு விஷயத்தில் ஆலோசகர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். நெருப்பும் நீரும் பகை என்று அவர் சொல்வதற்கு இயற்பியலில் துல்லியமான காரணம் இருக்கிறது: கொதிக்கும் எண்ணெயில் விழும் நீர்த்துளி அடியில் மூழ்கி நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து எண்ணெயை வாரி இறைக்கும். இரண்டுக்கும் இடையில் அரை மீட்டருக்குக் குறையாத மேடை விடுங்கள். சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கவும் அந்த இடம் உதவும். அடுப்பு, நடைவழிக் கதவை ஒட்டியோ திரைச்சீலை பறக்கும் ஜன்னலுக்கு அடியிலோ வர வேண்டாம்.

திசைகாட்டி அவர்களின் வேண்டுகோளை ஏற்கிறேன். அவர் சொன்ன மரம் அந்த மூலைக்குப் பொருத்தமானது. வேர் அதிகம் படராத சிறிய வகையாகத் தேர்ந்து, அடித்தளத்திலிருந்தும் கழிவுக் குழாயின் தடத்திலிருந்தும் தள்ளி நடுங்கள். பின்கதவின் புதிய இடத்தை வரைபடத்தில் குறித்தவுடன், அங்கே தூண் ஏதும் குறுக்கிடுகிறதா என்பதைப் பொறியாளரிடம் எழுத்து வடிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.