கோயில் இடிந்தபோது பேசாதவர்கள் மரத்தை வெட்ட வந்தபோது ஏன் தடுத்தார்கள்?

மருதநிலம்:

பழைய ரோமப் பேரரசின் கிராமங்கள் கிறிஸ்தவத்துக்கு மாறியதைப் பேச வரும்போதெல்லாம், அதிகாரத்தால் மாற்றினார்கள் என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். 4 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான சான்றுகளைப் படித்தால் எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. 601இல் திருத்தந்தை (போப்) முதலாம் கிரகோரி, சமயம் பரப்ப இங்கிலாந்துக்குப் புறப்பட்டிருந்த மெல்லிட்டஸுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பீடம் அமைத்துப் புனிதர்களின் திருப்பண்டங்களை, அதாவது எலும்பு போன்ற நினைவுப் பொருள்களை, வையுங்கள் என்கிறார். மாடுகளைப் பலியிட்டு விருந்துண்டு பழகிய மக்கள், இனிப் புனிதர் திருநாளில் ஆலயத்தைச் சுற்றி இலைதழைகளால் பந்தல் போட்டு, அதே மாடுகளை அடித்து உண்டு, கடவுளுக்கு நன்றி சொல்லட்டும் என்றும் எழுதுகிறார். இடம், நாள், விருந்து ஆகிய மூன்றும் கைவிட்டுப் போகாததால்தான் உழவர்கள் புதிய சமயத்தை மனமுவந்து ஏற்றார்கள் என்பது என் வாதம்.

ஏரிக்கரை:

அந்தக் கடிதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு அதே கிரகோரி இங்கிலாந்தின் கென்ட் நாட்டு மன்னர் ஏதெல்பெர்ட்டுக்கு எழுதியதைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. அதில் சிலை வழிபாட்டை ஒடுக்குங்கள், கோயில் கட்டடங்களைத் தகர்த்தெறியுங்கள் என்றே அறிவுறுத்துகிறார். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், 594இல் சார்டினியாவின் காலியரி நகர ஆயர் (பிஷப்) ஜனுவாரியஸுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. திருச்சபைக்குச் சொந்தமான நிலத்தில் உழுபவர்களே இன்னும் பழைய வழிபாட்டில் இருப்பதைக் கடிந்துகொண்டு, பிடிவாதம் பிடிக்கும் குடியானவனுக்கு, அவன் வழிக்கு வந்தே தீரும் அளவுக்குக் குத்தகையை ஏற்றிவிடச் சொல்கிறார். 599இல் அதே ஆயருக்கு எழுதும்போது, சிலை வணங்கும் அடிமைகளை அடித்து வதைத்தும், சுதந்திரக் குடிகளைச் சிறையில் அடைத்தும் திருத்தச் சொல்கிறார்.

நண்பர் மருதநிலம் அவர்களே, காலடியில் உள்ள மண் தன்னுடையதாக இல்லாத ஒருவன், நிலத்துக்கு உரியவர் குத்தகையை ஏற்றுவேன் என்று சொல்லும்போது திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றால், அதை மனமுவந்து என்ற சொல்லால் குறிக்க என்னால் இயலாது. பேரரசின் சட்டமும் நிலக்கிழார் பக்கமே நின்றது. நாட்டுப்புறக் கோயில்களைக் கூட்டமோ கலவரமோ இன்றி இடித்துவிட வேண்டும் என்று 399ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிடுகிறது.

பனந்தோப்பு:

இருவரும் மேலிருந்து எழுதப்பட்ட கடிதங்களையே பேசுகிறீர்கள். உழவர்கள் எதைக் காப்பாற்ற முயன்றார்கள் என்று பார்த்தால் வழக்கு வேறு முகம் காட்டும். 371 முதல் 397 வரை இன்றைய பிரான்சின் தூர் நகர ஆயராக இருந்த மார்ட்டினைப் பற்றி, அவருடைய சமகாலத்தவரான சுல்பிசியஸ் செவரஸ் எழுதிய ஒரு நிகழ்ச்சி இது. ஒரு சிற்றூரில் மிகப் பழமையான கோயிலை மார்ட்டின் இடிக்கிறார். ஊரார் வாய் திறக்கவில்லை. அடுத்துக் கோயிலருகே நின்ற பைன் மரத்தை வெட்டப் போகிறார். அப்போது பூசாரியும் மக்களும் திரண்டு வந்து மறிக்கிறார்கள். முடிவில், மரத்தை நாங்களே வெட்டுகிறோம், அது விழும் பக்கத்தில் நீர் நில்லும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். மரம் மறுபக்கம் சாய, ஊரே மதம் மாறியது என்று நூல் சொல்கிறது.

நூலாசிரியருக்கு முக்கியம் அற்புதம். எனக்கு முக்கியம், அவர் போகிற போக்கில் சொல்லிவிட்ட அந்த மௌனமும் மறியலும். கல் கட்டடத்தைக் காட்டிலும் மரமும் ஊற்றுமே அவர்களுடைய அன்றாட வாழ்வோடு ஒட்டியிருந்தன என்று கருதுகிறேன். தென் பிரான்சின் ஆர்ல் நகர ஆயர் செசாரியஸ் 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆற்றிய மறையுரைகளிலும் இதுவே தெரிகிறது: புனிதமாகக் கருதிய மரம் தானாக விழுந்தாலும், அதன் விறகை அடுப்பெரிக்க எடுக்க மாட்டார்களாம்.

மருதநிலம்:

நீங்கள் சொல்வது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. மக்களுக்கு இடம்தான் முக்கியம் என்றால், அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் மாறும் வழியைத் திருச்சபை அமைத்துக் கொடுத்தது. 6ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயராக இருந்த இன்னொரு கிரகோரி எழுதியுள்ள, தென் பிரான்சின் ஜெவோதான் மலைப்பகுதி ஏரி இதற்கு நல்ல சான்று. ஆண்டுதோறும் உழவர்கள் உணவும் பானமும் ஏற்றிய வண்டிகளோடு வந்து, துணி, கம்பளி, பாலாடைக்கட்டி, மெழுகு, ரொட்டி ஆகியவற்றை ஏரிக்குள் காணிக்கையாக வீசி, விலங்குகளைப் பலியிட்டு மூன்று நாள் விருந்துண்பார்கள். ஆயர் ஒருவர் வந்து போதித்தும் யாரும் செவிசாய்க்கவில்லை. பிறகு அவர் ஏரிக்குச் சற்றுத் தள்ளிப் புனித ஹிலாரிக்கு ஆலயம் எழுப்பித் திருப்பண்டங்களை வைத்தார். மக்கள் ஏரியில் வீசிவந்த பொருள்களையே ஆலயத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இங்கே குத்தகையும் இல்லை, சவுக்கும் இல்லை.

பனந்தோப்பு:

அந்த ஏரிக் கதையில் நீங்கள் விட்டுவிட்ட பகுதி ஒன்று உண்டு. விருந்தின் நான்காம் நாள் இடியும் மின்னலுமாகப் பெரும் புயல் அடிக்கும் என்றும், ஆலயம் எழுந்தபின் அது நின்றது என்றும் தூர் நகர கிரகோரி எழுதுகிறார். புயலும் விளைச்சலும்தான் அந்த மக்களின் கேள்வி. எந்தத் தெய்வம் வயலைக் காக்கும் என்பதே அவர்கள் கவலை. 386ஐ ஒட்டி பழைய சமயத்தைச் சேர்ந்த அந்தியோக்கியா நகரச் சொற்பொழிவாளர் லிபானியஸ் பேரரசர் தியோடோசியஸை நோக்கி, கோயில்களே கிராமங்களின் உயிர், அவற்றை இழந்த உழவனுக்கு உழைப்பில் நம்பிக்கை போய்விடும் என்று வாதாடியதும் இதைத்தான். 397இல் வட இத்தாலியின் நோன் பள்ளத்தாக்கில் சிசின்னியஸ் உள்ளிட்ட மூன்று திருப்பணியாளர்கள் கொல்லப்பட்டதும் வயல்களைச் சுற்றி வரும் பலிச் சடங்கை ஒட்டியே. ஒரு வீடு விலகினாலும் ஊர் முழுவதன் விளைச்சலும் கெடும் என்று நம்பும் இடத்தில் தனிமனிதத் தேர்வு என்பதற்கு இடமே குறைவு.

ஏரிக்கரை:

இந்தக் கடைசிக் கருத்தை ஏற்கிறேன். ஆனால் ஏரிக் கதையை எழுதியவரே ஒரு ஆயர் என்பதையும், சம்பவம் தம் காலத்துக்கு முந்தையது என்பதையும் நண்பர் மருதநிலம் கணக்கில் எடுக்கவேண்டும். காணிக்கை ஏரியிலிருந்து ஆலயத்துக்கு இயல்பாக இடம் மாறியது என்கிறீர்கள். ஸ்பெயினில் 681இல் கூடிய தொலேதோ சங்கம், அதாவது ஆயர்களின் பேரவை, கல்லையும் ஊற்றையும் மரத்தையும் வணங்கும் அடிமைகளைச் சாட்டையால் அடித்து, விலங்கிட்டு உரிமையாளரிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. அங்கே திருச்சபை வேரூன்றிப் பல தலைமுறைகள் ஆன பின்னும் நிலைமை அதுதான். 693இல் கூடிய அடுத்தொரு சங்கம், அத்தகைய இடங்களில் படைக்கப்பட்ட பொருள்களை எடுத்து அருகிலுள்ள ஆலயங்களில் சேர்க்க வேண்டும் என்று விதிக்கிறது. ஏரிக்கரையில் மனமாற்றத்தின் அடையாளமாகச் சொல்லப்பட்ட அதே செயல், இங்கே விதியாக எழுதப்பட்டிருக்கிறது. ஜெவோதான் உழவர்கள் தாங்களாகவே கொண்டுவந்தார்கள் என்பதற்கு ஆயருடைய எழுத்தைத் தவிர நம்மிடம் வேறு சாட்சி இல்லாதபோது, 693இன் விதியை ஒதுக்கிவிட்டு அந்தக் கதையை மட்டும் பொது விதியாகக் கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.