கர்க்கடகக் கஞ்சி வீட்டிலேயே வைக்கலாமா?

புதுக்குடித்தனம்: பாலக்காட்டுக்கு வந்தபிறகு முதல் கர்க்கடக மாசம் (நம்ம ஆடி) இது, இந்த மாசத்தில் குடிக்கிற மருந்துக் கஞ்சிக்கான பாக்கெட் கடைக்குக் கடை தொங்குகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு, கொடுக்கலாமா?

ஒலவக்கோடு: பாக்கெட் எதற்கு? வெந்தயத்தை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, ஞவரை அரிசி (60 நாளில் விளையும் கேரளத்து மருந்தரிசி), சீரகம், சுக்கோடு இரண்டாம் தேங்காய்ப்பாலில் குழைய வேகவையுங்கள். முதல் பாலை இறக்கியபிறகுதான் ஊற்றணும், கொதித்தால் திரிந்துவிடும்.

சுக்குமல்லி: ஞவரையானாலும் அரிசி அரிசிதானே, சர்க்கரை ஏறும். வெல்லம் சேர்க்காமல் சின்னக் கிண்ணம், அதுவும் இட்லிக்குப் பதிலாக, இட்லிக்கு மேல் இல்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

புதுக்குடித்தனம்: சரி, ஞவரை கிடைக்காவிட்டால்?

ஒலவக்கோடு: பொடியரிசி (நொய்) போதும். என்ன, அந்த 60 நாள் பயிரின் வாசம் வராது.