மர மணியைச் சின்னக் கண்ணாடிப் பாசியால் மூடும்போது துளைப் பக்கம் முகடு எழும்புகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். 12 மி.மீ. உருண்டை மர மணியை 11/0 அளவுப் பாசியால் பெயோட்டி தையலில் (ஒரு பாசி விட்டு ஒரு பாசிக்குள் ஊசியை விட்டு, செங்கல் அடுக்கு மாதிரி கோக்கும் முறை) மூடிக்கொண்டிருக்கிறேன். இது நான்காவது மணி, நான்கிலும் ஒரே தொல்லை. நடு வயிற்றில் பாசி தோல் மாதிரி ஒட்டி உட்காருகிறது, துளையை நோக்கிக் குறைக்க ஆரம்பித்ததும் மூன்று இடத்தில் பூசணிக்காய் வரி மாதிரி மேடு எழும்பி, நடுநடுவே மரம் தெரிகிறது. இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று இழுத்ததில் ஒரு மணியில் நூல் அறுந்து மொத்தமும் உதிர்ந்துவிட்டது. இரண்டு நாள் வேலை. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று மூன்று பாசி குறைக்கிறேன். நைலான் நூல், 10ஆம் எண் ஊசி. அம்மாவுக்கு மாலை கோக்க இதேபோல் ஒன்பது மணி வேண்டும்.

பதில்:
அந்த மூன்று பாசியையும் ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் குறைக்கிறீர்கள்? முன்பு குறைத்த இடத்துக்கு நேர் மேலேயா?

கேட்டவர்:
ஆமாம் அக்கா, நேர் மேலேதான். அப்படிச் செய்தால்தான் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தேன்.

பதில்:
மேடு அங்கேதான் வருகிறது. குறைப்பு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த வரிசை மடிந்து முகடாகிவிடும். அடுத்த குறைப்பை முந்தையதற்கு நேர் மேலே வைக்காமல், இரண்டு குறைப்புகளுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். குறைக்கும் இடத்தில் பாசி கோக்காமல் ஊசியை அடுத்த மேட்டுப் பாசிக்குள் (முந்தைய சுற்றில் துருத்தி நிற்கும் பாசி) விடுங்கள், அடுத்த சுற்றில் அந்த இடைவெளிக்கு ஒரே ஒரு பாசி.

இன்னொன்று, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. உருண்டையில் வயிற்றிலிருந்து துளைக்குப் போகும் வழியில் பாதி தூரம் வந்த பிறகும் சுற்றளவு கிட்டத்தட்ட 70 சதவீதம் இருக்கும், அதற்கப்புறம்தான் வேகமாகச் சுருங்கும். நீங்கள் ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவில் குறைத்துக்கொண்டு போவதால் முதல் பாதியில் பாசி போதவில்லை, அதனால் மரம் தெரிகிறது, நூலும் தாங்க முடியாமல் அறுகிறது. வயிற்றுக்கு அருகில் நிதானமாகக் குறையுங்கள், துளை நெருங்க நெருங்கக் கூட்டிக்கொள்ளுங்கள். இறுக்கம் குறைந்ததால் வந்த கோளாறு இல்லை இது, கையை நோகடிக்காதீர்கள்.

மற்றொருவர் பதில்:
நான் குறைப்பதையே பெரும்பாலும் தவிர்த்துவிடுவேன். எண்ணிக்கையை அப்படியே வைத்து வயிற்றுக்கு 11/0, ஓரத்துக்கு 15/0 என்று பாசியின் அளவை மாற்றுவேன், எண் கூடினால் பாசி சிறிது. வளைவு தானாகவே வரும், கடைசி இரண்டு மூன்று சுற்றில் மட்டும் குறைத்தால் போதும். ஆனால் 15/0க்குள் 10ஆம் எண் ஊசி திரும்பத் திரும்பப் போகாது, அதைவிட மெல்லிய 12 அல்லது 13 எடுங்கள். நைலானைக் கோப்பதற்கு முன் கைக்குள் பிடித்து நன்றாக இழுத்துவிட்டு மெழுகு தடவுங்கள், இல்லாவிட்டால் தைத்து முடித்த பிறகு அது நீண்டு தளர்ந்துவிடும். மீன்பிடி நூலான ஃபயர்லைன் அவ்வளவாக நீளாது.

ஒளி ஊடுருவும் பாசி என்றால் மரத்துக்கு முதலில் அதே நிறம் பூசுங்கள். சின்ன இடைவெளி தெரிந்தாலும் கண்ணை உறுத்தாது.

கேட்டவர்:
முகடு போய்விட்டது!! குறைப்பை இடம் மாற்றி வைத்தேன், முதல் பாதியில் கிட்டத்தட்ட குறைக்கவே இல்லை. உருண்டையாக வந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் இப்போது துளைக்குள் மாலைக் கம்பி நுழையவில்லை, கடைசி வளையத்தில் நான்கு முறை நூல் ஓட்டினேன்.

பதில்:
மிக நல்ல செய்தி. கடைசி வளையம் மரத்தின் துளையைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், அதில் இரண்டு முறை நூல் ஓட்டினால் போதும், மீதி நூலை வயிற்றுப் பக்கம் கொண்டுபோய் அங்கே முடித்து வெட்டுங்கள். தைக்கும்போதே துளைக்குள் ஒரு பல்குச்சியைச் செருகிவைத்தால் வழி அடைபடாது, மணியைப் பிடிக்கவும் வாகாக இருக்கும்.

இப்போது உள்ள மணியைப் பிரிக்க வேண்டாம். வளையத்தில் ஒரே ஒரு பாசியை மட்டும் உடைத்து எடுங்கள், அந்த அளவுக்கு வளையம் தளரும். குறடால் நசுக்கினால் சில்லு நூலை அறுத்துவிடும். கூர்மையான தடித்த ஊசியைப் பாசியின் துளைக்குள் மெதுவாக அழுத்தினால் கண்ணாடி வெளிப்பக்கமாக விரிந்து உடையும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.