பெங் மேலியா: வேர் கோயிலைத் தாங்குகிறதா, தின்கிறதா?

காட்டுவழி:
கம்போடியா போனவர்கள் அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து 40 கி.மீ. கிழக்கே, குலேன் மலையடிவாரக் காட்டில் பெங் மேலியா கிடக்கிறது. பெங் என்றால் குளம், மேலியா நம் 'மாலை'தான். 12ஆம் நூற்றாண்டுக் கோயில். கல்வெட்டு கிடைக்காததால், சிற்ப பாணியை வைத்து இரண்டாம் சூர்யவர்மன் காலம் என்கிறார்கள். அங்கோர் வாட்டைக் கட்டியவரும் அவர்தான்.

காலை ஏழு மணிக்குப் போனேன். டிக்கெட் பார்ப்பவரையும் ஒரு நாயையும் தவிர யாரும் இல்லை. நடுக்கோபுரம் மொத்தமாகச் சரிந்து, பாசி பிடித்த கற்குவியலாகக் கிடக்கிறது. அதன் மேல் மரம். பாலாழி கடைவதும், கருடன் மேல் விஷ்ணுவும், சீதை தீக்குளிப்பதும் அந்தக் காட்டுக்குள் கல்லில் இருக்கின்றன. ஒரு வாசல் நிலையை விழாமல் பிடித்திருப்பதே வேர்தான்.

என் கருத்து இதுதான்: இந்தக் கோயிலை யாரும் சீரமைக்கக் கூடாது. காடு எடுத்துக்கொண்டது காட்டோடு இருக்கட்டும்.

கல்தச்சன்:
படங்கள் அருமை, கருத்து தவறு. இருபது வருடமாகக் கோயில் திருப்பணியில் கல்வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். வேர் எதையும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பறவை எச்சத்தில் விழுந்த விதை மூட்டில் முளைக்கிறது, வேர் பருக்கப் பருக்கக் கல் விலகுகிறது. விலகிய கல் கீழே விழாமல் வேரில் சிக்கி நிற்பதைத்தான் நீங்கள் 'தாங்குகிறது' என்கிறீர்கள். அந்த மரம் பட்டுப்போகும் அன்று என்ன ஆகும்?

கெமர், அதாவது பழைய கம்போடியக் கட்டுமானத்தில் சாந்து கிடையாது, கல்லோடு கல் தேய்த்துப் பொருத்தியது. கூரை கதலிகாகரணம், அதாவது ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் முன்தள்ளி அடுக்கி உச்சியில் சேர்ப்பது. உச்சிக் கல் இரண்டு விரல் நகர்ந்தால் போதும், மொத்தமும் உள்ளே வந்துவிடும். நீங்கள் பார்த்த குவியல்கள் எல்லாம் அப்படி வந்தவையாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் கோபுரத்தில் ஓர் அரசங்கன்று தலைகாட்டினால் உழவாரப்பணிக்காரர்கள் விடுவார்களா? அப்பர் கையில் உழவாரம் இருப்பது அழகுக்கு இல்லையே.

காட்டுவழி:
உழவாரம் சரி ஐயா. ஆனால் திருப்பணி என்ற பெயரில் நம் ஊரில் மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டை மழுக்கியது யார்? பழந்தூண் மேல் எனாமல் பெயிண்ட் பூசியது யார்? காடு செய்யாத சேதத்தைக் கும்பாபிஷேகம் செய்திருக்கிறது. அதைப் பார்த்த பயத்தில்தான் 'தொடாதே' என்கிறேன்.

அங்கோரில் உள்ள பாபுவோன் கோயிலின் கதையும் தெரிந்திருக்கும். சீரமைக்கிறோம் என்று 1960களில் கற்களைக் கழற்றிக் காட்டில் பரப்பினார்கள். போர் வந்தது, கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை ஆண்ட காலத்தில் எந்தக் கல் எங்கே என்ற பதிவேடுகள் அழிந்தன. சுமார் 3 லட்சம் கற்கள்! 1995இல் மறுபடி தொடங்கி, 2011இல்தான் முடித்தார்கள்.

கல்தச்சன்:
முடித்தார்கள் இல்லையா? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

அங்கோர் பக்கத்திலேயே பன்தேய் ஸ்ரே கோயிலும் உண்டு. 1931 முதல் 1936 வரை கழற்றி, எண்ணிட்டு, அதே கல்லை அதே இடத்தில் ஏற்றினார்கள். இன்று அதைப் பார்த்து யாரும் 'ஐயோ, காடு போச்சே' என்று அழுவதில்லை. மணல்வீச்சு திருப்பணியே இல்லை, அதை என் தலையில் கட்டாதீர்கள்.

பினாங்குக்காரன்:
அண்ணன்மார் இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கோயில் திருடனுக்கு வசதி. இப்போது சொன்ன அதே பன்தேய் ஸ்ரேயிலிருந்துதான் 1923இல் மால்ரோ சிலைகளைப் பெயர்த்து எடுத்துப் போய் மாட்டிக்கொண்டார், பிற்காலத்தில் பிரான்சின் கலாசார அமைச்சர் ஆன எழுத்தாளர்.

கம்போடியாவின் இன்னொரு பழைய தலைநகரான கோ கேர் இன்னும் மோசம். அங்கே பிரசாத் சென் கோயிலில் பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதுகிற சிலைகள் இருந்தன. போர்க்காலத்தில் கணுக்காலோடு வெட்டி எடுத்துப் போனார்கள். பீடத்தில் பாதங்கள் மட்டும் மிச்சம். 2014இல் இரண்டு சிலைகளும் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தன; அவை எங்கிருந்து போனவை என்று காட்டிக்கொடுத்ததே அந்தப் பாதங்கள்தான். அமைதி அமைதி என்று ரசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நடைவண்டி:
கண்ணிவெடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங் மேலியாவைச் சுற்றி வெடிகளைத் தோண்டி எடுத்த பிறகுதான் நாமெல்லாம் நிம்மதியாக நடக்கிறோம். காட்டை அப்படியே விட்டிருந்தால் காட்டுவழி இந்தப் பதிவையே எழுதியிருக்க முடியாது :)

காட்டுவழி:
திருட்டு விஷயத்தில் பினாங்குக்காரன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். காவல் வேண்டும், முட்டுக் கொடுப்பதும் வேண்டும். அங்கே சில இடங்களில் மரச்சட்டம் வைத்துத் தாங்கியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நடுக்குவியலை மறுபடி கோபுரமாக ஏற்றுவதை ஏற்க மாட்டேன். பூசை நின்று சில நூறு வருடம் ஆன இடம். அங்கே உட்கார்ந்திருந்தபோது சில்வண்டுச் சத்தம் ஒரு நொடி நின்றது. எங்கோ உள்ளே ஒரு சிறு கல் உருண்டு விழுந்தது. அவ்வளவுதான், மறுபடி சில்வண்டு. அந்த இடத்தில் கிரேனை வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கல்தச்சன்:
அந்தச் சிறு கல்தான் என் கவலை. நீங்கள் அதைக் கேட்டு ரசித்தீர்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கோபுரத்தை ஏற்றச் சொல்லவில்லை. இன்னும் நிற்கிற சுற்று மண்டபங்களையாவது காப்பாற்றச் சொல்கிறேன். அங்கோரின் தா புரோம் கோயிலில் நம் இந்தியத் தொல்லியல் துறைக்காரர்கள் பெரிய மரங்களை வைத்துக்கொண்டே மண்டபங்களைச் சரி செய்தார்களே. எல்லா மரத்தையும் வெட்ட வேண்டாம், எந்த மரத்தை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான்.

சரி, ஒரு வேலை. நீங்கள் போட்ட நான்காவது படத்தில், வேர் சுற்றிய அந்த நிலையின் மேல் இடுக்கில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்து எடுத்திருக்கிறீர்கள். எந்தப் பக்க வாசல்? தேதி என்ன?

காட்டுவழி:
அளவு தெரியட்டும் என்றுதான் வைத்தேன். தெற்கு வாசலில் நாகப் படிக்கட்டு ஏறியதும் வலதுபுறம். மார்ச் 9. நாணயம் படுத்தவாக்கில் நுழையவில்லை, செங்குத்தாகத்தான் நின்றது.

நடைவண்டி:
நான் மழைக்காலம் முடிந்து டிசம்பரில் போகிறேன். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன்.