வெளிநாட்டுக்குப் பழைய காமிக்ஸ் அனுப்பக் குறைந்த செலவில் வழி உண்டா? கூரியர் கட்டணம் கேட்டு மலைத்துப்போயிருக்கிறேன்

காகிதக்கப்பல் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என் சேகரிப்பிலிருந்து சில காமிக்ஸ் இதழ்களை வெளிநாட்டிலிருக்கும் ஒருவருக்கு விற்க ஒப்புக்கொண்டேன். அனுப்பும் செலவு என்னுடையது என்றும் வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்று காலை ஒரு கூரியர் அலுவலகத்தில் விசாரித்தபோது அவர்கள் சொன்ன தொகை, எனக்கு வரவேண்டிய பணத்தில் பாதியை விழுங்கிவிடும்போல் இருக்கிறது. பெட்டி நான்கு கிலோதான் இருக்கும். அவர்களோ எட்டு கிலோவுக்குக் கட்டணம் போட்டார்கள். ஏமாற்றுகிறார்களா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். செலவும் குறைய வேண்டும், இதழ்களுக்கும் சேதம் வரக்கூடாது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தராசுமுள் எழுதியது:

உங்கள் அவசரம் புரிகிறது, நண்பரே. ஆனால் எதைச் சொல்லவும் எங்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. எத்தனை இதழ்கள்? பெட்டியின் நீளம், அகலம், உயரம் என்ன? எல்லாம் சாதாரண உறையில் இருப்பவையா, அல்லது தரச்சான்று பெற்றுக் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த ஸ்லாப்களும் உண்டா? எந்த நாட்டுக்குப் போகிறது? இவற்றைச் சொன்னால் பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இரவுவாசகி எழுதியது:

மேலே கேட்டவற்றோடு இன்னொன்றையும் சொல்லுங்கள். அங்கே சுங்கத்தில் வரி கேட்டால் கட்டப்போவது நீங்களா, வாங்குபவரா? "அனுப்பும் செலவு என்னுடையது" என்ற வாக்கில் இதையும் அவர் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். பார்சல் போய் நின்ற பிறகு இதைப் பேசினால் மனத்தாங்கலில்தான் முடியும்.

நீலஉறை எழுதியது:

என்ன விவரம் வந்தாலும் என் பதில் ஒன்றுதான்: கூரியரை விட்டுவிட்டு அஞ்சலகத்துக்குப் போங்கள். அச்சிட்ட தாள்களை ஒரே முகவரிக்கு மொத்தமாக அனுப்ப "எம் பை" என்று ஒரு தனிச் சாக்கு உண்டு. சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி அதில் 30 கிலோ வரை போடலாம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இதைவிட மலிவானதை நான் கண்டதில்லை. என் புத்தக அலமாரியில் பாதி அப்படி வந்து சேர்ந்ததுதான்.

சுங்கவாசல் எழுதியது:

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூரியர் வாசலில் போய் நின்ற பிறகு "ஏமாற்றுகிறார்களா" என்று கேட்பதைவிட, கட்டண அட்டையை ஒருமுறை வாசித்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பரிமாண எடை என்பது இத்தொழிலில் அரிச்சுவடிப் பாடம். அதை அறியாதவர்கள் வெளிநாட்டு வியாபாரத்தில் இறங்கும்போது நட்டப்படுவது இயல்பு. சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்த அளவு முன்தயாரிப்பாவது இருக்க வேண்டும்.

காகிதக்கப்பல் எழுதியது:

மன்னிக்க வேண்டும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். 32 பக்க இதழ்கள் 30, எல்லாம் பிளாஸ்டிக் உறையிலும், உள்ளே இதழ் மடங்காமல் தாங்கும் பின்னட்டையோடும் இருக்கின்றன. ஸ்லாப் 2. பெட்டி வீட்டில் இருந்ததுதான், 45 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரம். காலியிடத்தில் செய்தித்தாளைக் கசக்கி வைத்திருக்கிறேன். இரண்டு ஸ்லாப்களும்தான் விலை உயர்ந்தவை, மற்றவை சராசரி. பரிமாண எடை என்றால் என்ன என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

தராசுமுள் எழுதியது:

தெரியாததில் குற்றமில்லை, முதல் பார்சல் அனுப்பும்போது எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறோம். விமானத்தில் எடையும் ஒரு செலவு, அடைத்துக்கொள்ளும் இடமும் ஒரு செலவு. ஆகவே கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் மூன்று அளவுகளையும் செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கின்றன. அதற்கும் தராசு காட்டும் எடைக்கும் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் பெட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45, 35, 25 மூன்றையும் பெருக்கினால் 39,375. 5000 ஆல் வகுத்தால் 7.875, அதாவது எட்டு கிலோ. உங்களை யாரும் ஏமாற்றவில்லை. கசக்கிய செய்தித்தாளுக்கும் காற்றுக்கும் சேர்த்து நான்கு கிலோ கட்டணம் கேட்டிருக்கிறார்கள்.

இதழ்களை இறுக்கமாக அடுக்கினால் உறையும் அட்டையும் சேர்த்து 30 இதழ்களும் 12 செ.மீ. உயரத்துக்கு மேல் வராது. ஸ்லாப்களைத் தனியே வைத்துவிட்டால், சுற்றிலும் காப்பு வைத்தாலும் 30, 22, 18 செ.மீ. பெட்டி போதும். அதன் பரிமாண எடை 2.4 கிலோதான். அப்போது தராசு எடையே கணக்கில் வரும். பெட்டியை மாற்றிய பிறகு அதே கூரியரிடம் மறுபடி கேளுங்கள், தொகை இறங்கும்.

நீலஉறை எழுதியது:

இறங்கினாலும் அஞ்சல் கட்டணத்துக்கு அருகில் வராது. நான் சொன்ன எம் பையை இவர் ஒருமுறை விசாரிக்கவாவது செய்யலாம்.

முதுகுக்கோடு எழுதியது:

நீலஉறை ஐயா, வாசிக்கும் புத்தகங்களுக்கு உங்கள் வழி சரி. சேகரிப்பு இதழ்களுக்கு அதை நான் ஏற்க மாட்டேன். எம் பை என்பது சாக்கு. அதைத் தூக்கிப் போடுவார்கள், அதன் மேல் வேறு சாக்கு விழும். அதற்குக் காப்பீடும் பொதுவாகக் கிடையாது. மேலும் நான்கு கிலோவுக்காகச் சாக்கு எடுப்பதில் பெரிய ஆதாயம் இல்லை, ஏனென்றால் பல நாடுகளில் குறைந்தபட்ச எடை ஒன்றை வைத்து அதற்குக் கீழே இருந்தாலும் அந்த எடைக்கே கட்டணம் வாங்குகிறார்கள்.

இப்போது பொதி கட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன்; எங்கும் அதிகம் கெடுவது இதில்தான். ஒருமுறை எனக்கு ஓர் இதழ் வந்தது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. உறையின் மடிப்பை ஒட்டியிருந்த நாடாவைப் பாதி பிரித்து மேலே மடக்கிவிட்டு இதழை வெளியே இழுத்தேன். அந்த நாடாவின் ஒட்டும் பக்கம் இதழின் மேலட்டையில் பட்டு, விரல்நக அளவுக்கு அதன் மேல்தோல் உரிந்து நாடாவோடு வந்துவிட்டது. கடல் கடந்து பழுதின்றி வந்த இதழ் என் கையில் பழுதாயிற்று. அன்றிலிருந்து நான் உறையின் வாயை நாடாவால் ஒட்டுவதே இல்லை; மடிப்பைப் பின்னட்டைக்கும் உறைக்கும் நடுவே செருகிவிடுகிறேன். ஒட்டியே தீர வேண்டுமென்றால், சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டும் எளிதில் உரியும் நாடாவைப் பயன்படுத்துங்கள்.

ஐந்தைந்து இதழ்களாகச் சேர்த்து, முதுகுகள் ஒரே பக்கம் குவியாமல் ஒன்றுவிட்டொன்று மாற்றி அடுக்குங்கள். அப்படியானால் அடுக்கு ஒரு பக்கம் வீங்காது. ஒவ்வோர் அடுக்குக்கும் மேலும் கீழும், பெட்டி செய்யப் பயன்படும் நெளியட்டை வையுங்கள். ஓர் அட்டையின் நெளிவு நீளவாட்டில் போனால் அடுத்ததன் நெளிவு குறுக்குவாட்டில் போகட்டும். இரண்டு திசையிலும் மடங்காது. அட்டை இதழைவிடச் சுற்றிலும் ஒரு செ.மீ. பெரிதாக இருந்தால் பெட்டி மூலையில் விழுந்தாலும் அடி அட்டைக்குத்தான், இதழுக்கு இல்லை. அடுக்கு முழுவதையும் ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு வாயை மூடுங்கள். வழியில் மழையில் நனைந்தால் காப்பது அதுதான். கடைசியாகப் பெட்டியை மூடி ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்கக்கூடாது.

ஸ்லாப்களைத் தனியாக வையுங்கள். அவற்றின் கூடு விரிசல் விடுவது ஒரு பயம் என்றால், கூடு முழுதாக இருக்கும்போதே குலுக்கலில் உள்ளே இதழ் நகர்ந்து மூலை மடங்குவது இன்னொன்று. ஒவ்வொன்றையும் குமிழி உறையில் சுற்றி, இரண்டு நெளியட்டைகளுக்கு நடுவே அசையாதபடி கட்டுங்கள்.

பேனாமுனை எழுதியது:

என் யோசனை எளிது. பார்சலில் "அன்பளிப்பு" என்று எழுதி, மதிப்பைக் குறைத்துக் காட்டிவிடுங்கள். எல்லோரும் செய்வதுதான்.

இரவுவாசகி எழுதியது:

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவது அன்பளிப்பு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியாள் தனியாளுக்கு இலவசமாக அனுப்புவதற்கு 45 யூரோ வரை வரி விலக்கு உண்டு. விற்ற பொருளை அதில் நுழைப்பது பொய் உறுதிமொழி. இழப்பும் உங்களுக்கே: பார்சல் தொலைந்தால் நீங்கள் எழுதிய மதிப்புக்கு மேல் ஒரு காசு கிடைக்காது. விலை உயர்ந்த ஸ்லாப் இரண்டை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம்.

சுங்கவாசல் எழுதியது:

இதையாவது ஒருவர் சரியாகச் சொன்னார். எந்த நாடு என்று இவர் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் சுங்கத்தைப் பற்றிப் பேசுவது இருட்டில் கல்லெறிவது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரை இருந்த சுங்க வரிச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. பழைய அனுபவத்தை வைத்து "சின்னப் பார்சலுக்கு ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்று இனி யாரும் சொல்ல முடியாது. படிவத்தில் பொருள் வகை எண்ணையும் சரியாக எழுத வேண்டும். இவை சேகரிப்புப் பொருள்கள் என்பதால் 9705 என்று எழுதுவதே முறை.

இரவுவாசகி எழுதியது:

அந்தக் கடைசி வரியை நான் மறுக்கிறேன். 9705 என்பது தொல்லியல், வரலாறு, விலங்கியல், நாணயவியல் போன்ற ஆர்வத்துக்குரிய சேகரிப்புகளுக்கானது. ஒருவர் ஆசையோடு சேர்த்து வைத்தார் என்பதற்காகவே அச்சிட்ட இதழ் அங்கே போய்விடாது. மாதாமாதம் எண்ணிட்டு வரும் தனி இதழ் 4902இல், பருவ வெளியீடு என்ற தலைப்பில் வரும்.

சுங்கவாசல் எழுதியது:

அப்படியானால் தொகுப்பு நூலாக வருபவற்றையும் 4902 என்பீர்களா? காமிக்ஸ் என்றால் எல்லாம் ஒன்றுதானே. எனக்கு இதில் பல ஆண்டுப் பழக்கம் உண்டு.

இரவுவாசகி எழுதியது:

உங்கள் பழக்கத்தை நான் மதிக்கிறேன், ஐயா. ஆனால் சுங்கப் பொருள் வகைப் பட்டியலில் 49ஆம் அத்தியாயத்தின் மூன்றாம் குறிப்பே இதற்குப் பதில் சொல்கிறது. பருவ வெளியீட்டின் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை ஒரே அட்டைக்குள் சேர்த்திருந்தாலும், காகிதம் அல்லாத அட்டையில் கட்டியிருந்தாலும், அது 4901 என்ற நூல் தலைப்புக்குப் போய்விடும். ஆக, தனி இதழ் வேறு, தொகுப்பு வேறு. இதில் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது: யுனெஸ்கோ 1950இல் கொண்டுவந்த ஃபிளாரன்ஸ் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் நூல்களுக்கும் பருவ வெளியீடுகளுக்கும் சுங்க வரி விதிப்பதில்லை. படிவத்தில் தலைப்பை மாற்றி எழுதினால் கிடைக்க வேண்டிய அந்த விலக்கை நாமே கைநழுவ விடுகிறோம். ஆனால் உள்நாட்டு விற்பனை வரி அந்த உடன்படிக்கைக்குள் வராது. அதை வாங்குபவர் கட்ட நேரலாம். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இதனால்தான் பதில் வேண்டும்.

சுங்கவாசல் எழுதியது:

மூன்றாம் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். தனி இதழ்களுக்கு 4902 என்பதை ஏற்கிறேன். நூறாண்டு கடந்த பழம்பொருள்களுக்கு 9706 இருக்கிறது என்பதை மட்டும் மற்றவர்கள் நினைவில் வைக்கட்டும்.

தராசுமுள் எழுதியது:

காகிதக்கப்பல், இவ்வளவையும் உங்கள் வெள்ளிக்கிழமைக்குச் சுருக்கிச் சொல்கிறேன். அஞ்சலில் சிறு பொதி என்ற வகைக்கு 2 கிலோ உச்சவரம்பு. மூன்று அளவுகளின் கூட்டல் 90 செ.மீ.க்குள்ளும், எந்த ஓர் அளவும் 60 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். உறையும் அட்டையும் சேர்த்து உங்கள் இதழ் ஒன்று ஏறத்தாழ 100 கிராம். பதினைந்து இதழ்கள் 1.5 கிலோ, நெளியட்டையும் பெட்டியும் சேர்ந்தாலும் 1.8 கிலோவுக்குள் முடித்துவிடலாம். அப்படி இரண்டு பொதிகள். அங்கே பரிமாண எடைக் கணக்குப் பொதுவாக இல்லை, தராசு சொல்வதுதான் விலை. எடை முட்டினால் இரண்டு இதழுக்கு ஒரு பின்னட்டை போதும். முப்பதில் பதினைந்து அட்டைகள் குறைந்தால் ஏறத்தாழ 300 கிராம் மிச்சம். அச்சிட்ட தாள் வகையில் நூல்களுக்கு 5 கிலோ வரை இடம் உண்டு என்பதால், உங்கள் அஞ்சலகம் காமிக்ஸை அதில் ஏற்குமா என்றும் கேட்டு, இரண்டு கட்டணங்களையும் ஒப்பிடுங்கள்.

பொதியின் மதிப்பு 300 எஸ்.டி.ஆர். என்ற சர்வதேச அலகுக்குள் இருந்தால் சி.என். 22 என்ற சுங்க அறிவிப்புப் படிவம், தாண்டினால் சி.என். 23. இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், மறுபடி இரண்டு எழுத்து என்று அமைந்த தடம் பார்க்கும் எண் கிடைக்கும் சேவையிலேயே அனுப்புங்கள். ஸ்லாப்களை மட்டும் சிறு பெட்டியில் காப்பீட்டோடு கூரியரில் விடுங்கள். ஒரு ஸ்லாபே கால் கிலோவைத் தாண்டும் என்றாலும் பெட்டி தட்டையாக இருப்பதால் பரிமாண எடை உங்களைக் கடிக்காது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் மலிவான இதழ்களுக்கும் கூரியர் கட்டணமே கொடுக்க வேண்டியிருக்கும்.

முதுகுக்கோடு எழுதியது:

வெள்ளிக்கிழமை கடந்துவிட்டது. காகிதக்கப்பல், அனுப்பிவிட்டீர்களா? மூடும் முன் ஒவ்வோர் இதழையும் முன்னும் பின்னும் படம் எடுத்தீர்களா?

நீலஉறை எழுதியது:

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாக்கு இவருக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்துக் கிலோவுக்கு மேல் வாசிப்புப் புத்தகம் அனுப்புபவர்கள் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

காகிதக்கப்பல் எழுதியது:

தாமதத்துக்கு மன்னியுங்கள். முப்பது இதழ்களும் அஞ்சலில் இரண்டு பொதிகளாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. இரண்டுக்கும் சேர்த்துக் கூரியர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஓர் இதழில் மட்டும் மூலை சற்று மடங்கியிருப்பதாக எழுதினார். அனுப்பும் முன் எடுத்த படத்திலேயே அந்த மடிப்பு இருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது. அங்கே கேட்ட வரியை அவரே கட்டிவிட்டார். ஸ்லாப்களுக்குத் தட்டையான பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.