மாநாட்டு அரங்கில் புரொஜெக்டர் படம் விட்டு விட்டு மறைகிறது: எந்த கேபிள் போடலாம்?

ஓப்பன் சோர்ஸ் மாநாட்டு உரைகளின்போது 10–15 விநாடிக்கு ஒருமுறை திரை கறுத்துவிடுகிறது. பதிவிலும் அதே இடத்தில் படம் அறுகிறது. பார்வையாளர்களுக்கு டெமோவின் முக்கியமான வரிகளே போய்விடுகின்றன.

மேடை லேப்டாப்பிலிருந்து 20 மீட்டர் சாதாரண காப்பர் எச்டிஎம்ஐ கேபிள், புரொஜெக்டர் அருகே சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். அதிலிருந்து ஒன்று புரொஜெக்டருக்கு, இன்னொன்று ஓபிஎஸ் (பதிவு மென்பொருள்) ஓடும் கணினியின் கேப்சர் கார்டுக்கு (வீடியோவைக் கணினிக்குள் வாங்கும் கருவி). ஒலி தனி வழி, அதில் குறையில்லை.

1080பி 60 ஹெர்ட்ஸில் மட்டும்தான் இந்தத் தொல்லை. 1080பி 30-ம் 720பி 60-ம் சீராக ஓடுகின்றன. அந்த இரண்டுக்கும் பிக்சல் கிளாக் (பிக்சல்கள் அனுப்பப்படும் வேகம்) 74.25 மெகாஹெர்ட்ஸ்தான், 1080பி 60-க்கு 148.5. வேகம் கூடக் கூட நீளமான காப்பர் கேபிளில் சிக்னல் தேயும்; ஆக, கேபிளின் நீளத்தின் மேல்தான் சந்தேகம்.

ஸ்ப்ளிட்டரை மாற்றியாயிற்று. அதன் ஈடிஐடியை (எந்த ரெசல்யூஷனை ஏற்கும் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் தகவல்) 1080பி-க்கு நிலைப்படுத்தியாயிற்று. உபுண்டு, ஃபெடோரா, விண்டோஸ் லேப்டாப்கள் மூன்றிலும் இதே நிலை. 2 மீட்டர் கேபிளில் மட்டும் 60 ஹெர்ட்ஸ் சுத்தமாக வருகிறது. 30-இலேயே ஓட்டலாம்தான், ஆனால் டெர்மினல் ஸ்க்ரோல் வெட்டி வெட்டித் தெரிகிறது. ஒவ்வொரு பேச்சாளரும் அமைப்பை மாற்ற வேண்டியிருப்பதால் உரை நேரமும் கரைகிறது.

அடுத்த அமர்வுக்கு இரண்டு வாரம் உள்ளது. பேச்சாளர்கள் யூஎஸ்பி-சி அடாப்டர் உட்பட எதைக் கொண்டுவந்தாலும் தாங்க, 20 மீட்டருக்கு ஆப்டிகல் (ஒளியிழை) எச்டிஎம்ஐ கேபிள் போடுவதா, கேட்6 நெட்வொர்க் கேபிள் வழியாக எச்டிபேஸ்டி எக்ஸ்டெண்டர் (எச்டிஎம்ஐ சிக்னலைத் தூரத்துக்குக் கடத்தும் கருவி) போடுவதா?