எடை குறைந்த காஸ்டிங் ராட்டில் பாஸ் பிடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டென்டன், டெக்சாஸ்

எடை குறைந்த காஸ்டிங் ராட் (வீசிப் பிடிக்கும் தூண்டில் கம்பு) வாங்கலாமா, காசு வீணாகுமா என்று புதிதாகப் பாஸ் மீன் பிடிக்க வருகிறவர்கள் பலர் கேட்கிறார்கள். இந்த வசந்தகாலத்தில் ரே ராபர்ட்ஸ் ஏரிக் கரையில் அப்படி ஒன்றை வைத்துப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராட் அருமை, ஆனால் அதற்கேற்ற ரீல் (லைன் சுற்றும் கருவி) இல்லாமல் ராட்டை மட்டும் வாங்காதீர்கள்.

என்னுடையது 6 அடி 10 அங்குலம், மீடியம் லைட் (வலு சற்றுக் குறைவு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப் பக்கம்தான் முதலில் வளையும்). கைப்பிடிக்கு மேலே அச்சடித்திருக்கும் கணக்குப்படி 1/8 முதல் 3/8 அவுன்ஸ் லூர் (போலி இரை), அதாவது மூன்றரை கிராமிலிருந்து பத்தரை கிராம் வரை. ராட்டின் எடை 100 கிராம் பக்கம். இதுவரை என் கையில் இருந்தது 7 அடி மீடியம் ஹெவி, அதாவது வலு கூடிய ராட். அரை அவுன்ஸ் ஜிக் லூர் வீச அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் 5 கிராம் லூரைக் கட்டினால் அது அசைந்து கொடுக்காது. கையைப் பின்னால் கொண்டுபோகும்போது லூரின் கனத்தில் ராட் வளைய வேண்டும். வளைந்தது நிமிரும் வேகத்தில்தான் லூர் பறக்கும். வளையாத ராட்டில் எல்லாமே தோள்பட்டை வேலைதான்.

கடையில் போட்டிருக்கும் எடையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ரீலை மாட்டி, அதற்குச் சற்று முன்னால் ஒரு விரலில் ராட்டைக் கிடத்திப் பாருங்கள். சமமாக நின்றால் சரி. நுனி கீழே சாய்ந்தால் நாள் முழுக்க மணிக்கட்டுதான் அதைத் தாங்க வேண்டும், 90 கிராம் ராட்டும் சாயங்காலம் கனக்கும்.

ரீல் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் முதலில் பழைய பெய்ட்காஸ்டிங் ரீலையே மாட்டினேன். லைன் சுற்றும் உருளையான ஸ்பூல் ஆழமானது, 12 பவுண்ட் இழுவை தாங்கும் லைன் 100 கெஜத்துக்கு மேல் சுற்றியிருக்கும். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் சும்மா நிற்கும், லைன் உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் லூர்தான் ஸ்பூலைச் சுழற்ற வேண்டும். 5 கிராம் லூருக்கு அந்தக் கனத்தைக் கிளப்பத் தெம்பு இருக்காது. சரி என்று பலம் கொடுத்து வீசினால் ஸ்பூல் கிளம்பிவிடும். லூர் காற்றில் வேகம் இழந்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும், லைன் போக வழியில்லாமல் அங்கேயே சிக்கிப் பந்தாகிவிடும். பிரேக்கைக் கூட்டினால் சிக்கல் நிற்கிறது, லூர் காலடியிலேயே விழுகிறது. அப்புறம் ஆழம் குறைந்த மெல்லிய ஸ்பூல் உள்ள ரீலை மாட்டினேன், ஜப்பான்காரர்கள் பிரபலமாக்கிய பி.எஃப்.எஸ். (பெய்ட் ஃபினெஸ் சிஸ்டம்) வகை, எடை குறைந்த லூர் வீசுவதற்கென்றே செய்தது. 8 பவுண்ட் ஃப்ளோரோகார்பன் லைன், அதுவும் 50 மீட்டர் மட்டும். அதே ராட், அதே லூர். மணிக்கட்டை அசைத்ததுமே தண்ணீரை ஒட்டித் தாழ்வாகப் போய், நினைத்த இடத்தில் சத்தமில்லாமல் இறங்கியது.

இந்த ராட்டின் அருமை சென்கோ கட்டும்போது தெரியும். மென்மையான பிளாஸ்டிக் புழு, நடுவில் முள் கோத்து, ஈயம் எதுவும் இல்லாமல். இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே மெல்ல இறங்கும். பாஸ் பெரும்பாலும் அது இறங்கும்போதே உறிஞ்சிவிடும், இழுக்கவே இழுக்காது. பழைய ராட்டில், லைன் பக்கவாட்டில் நகர்வதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. இதில் ஆள்காட்டி விரலை ராட்டோடு ஒட்டி வைத்திருந்தேன். விரல்நுனியில் ஒரு சின்ன ‘டிக்’, அவ்வளவுதான். தொய்வைச் சுற்றி எடுத்து, வெடுக்கென்று இழுக்காமல் அழுத்திப் பிடித்தேன். ராட் பாதி வரை வளைந்தது. மீன் தலையை உதறும் ஒவ்வொரு உதறலும் கைக்கு வந்தது. மூன்று பவுண்ட் இருக்கும், பச்சை உடம்பில் கருங்கோடு பளிச்சென்று. மேலுதட்டில் முள் சுத்தமாக ஏறியிருந்தது. கழற்ற ஒரு நொடிகூட ஆகவில்லை.

மெல்லிய கம்பி முள்ளாக இருந்ததால் அது நடந்தது. பருமனான ஆஃப்செட் முள்ளைப் பிளாஸ்டிக்குக்குள் ஒளித்து வைத்துப் பிடிக்கிறவர்களுக்கு இந்த ராட் ஆகாது, முள்ளை ஏற்றும் வலு இதில் இல்லை. மூழ்கிய மரங்கள் உள்ள பக்கமும் வேண்டாம். முள் பட்டதும் பாஸ் மரத்துக்குள்தான் ஓடும், திருப்பி இழுக்க முடியாது.

டெக்சாஸில் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி அங்கே வீசிப் பாருங்கள்.

ஹூஸ்டன்

மரம் விஷயத்தை வழிமொழிகிறேன் சார். நான் லேக் ஃபோர்க் போகிறவன். அங்கே தண்ணீருக்குள் நிற்கும் மரங்களே ஒரு காடு. டெக்சாஸ் மாநில சாதனையான 18.18 பவுண்ட் பாஸ் 1992 ஜனவரியில் அந்த ஏரியில்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட மீன் உலவும் இடத்துக்கு 8 பவுண்ட் லைனோடு போக எனக்கு மனம் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைத் திரும்ப விட்டாக வேண்டும். லைட் ராட்டில் மீனைக் கரைசேர்க்க நேரம் பிடிக்கும். ஆகஸ்ட் வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. அவ்வளவு நேரம் போராடிக் களைத்த மீனை விட்டாலும் பிழைப்பது கஷ்டம். விடப்போகும் மீன் உயிரோடு போக வேண்டும் என்று நினைப்பவன் நான், அதனால் கோடையில் லைட் ராட்டைத் தொடுவதில்லை.

கார்பன் ராட் மெலிய மெலிய அடி தாங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகில் என்னோடு வந்த நண்பரின் ராட்டில் லைனில் கட்டும் டங்ஸ்டன் எடைக்குண்டு ஒன்று லேசாகப் பட்டது. நகத்தால் தடவினால்தான் தெரியும், அத்தனை சின்னக் கீறல். சில வாரம் கழித்து, சின்ன மீனைத் தூக்கும்போது சரியாக அந்த இடத்தில் முறிந்தது.

சிங்கப்பூர்

அண்ணே, இங்கே எங்களுக்குப் பீகாக் பாஸ்தான். அமேசான் பக்கத்து மீன், நம்ம ஊர் ஜிலேபி மீனின் சொந்தக்காரன், ஆனால் குணம் வேறு. உங்கள் பாஸ் சென்கோவை எடுப்பதுபோல் உறிஞ்சாது, சின்ன மீன் வடிவ மின்னோ லூரை மோதி அடிக்கும். லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் அனுமதித்த பகுதியில் மட்டும், செயற்கை லூர் போட்டுத்தான் பிடிக்கலாம். உயிருள்ள இரைக்கு அனுமதி இல்லை. ஆகவே விடிந்ததிலிருந்து வீசிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் புழுக்கத்தில் எடை குறைந்த ராட் எவ்வளவு பெரிய உதவி என்பது என் தோளுக்குத் தெரியும்.

5 கிராம் மின்னோவுக்கு உங்களைப்போலவே பி.எஃப்.எஸ். ரீல்தான் வைத்திருக்கிறேன். மெல்லிய பிரெய்டு (பின்னல்) லைன். லூர் எங்காவது மாட்டி இழுத்து எடுத்த பிறகு, அடுத்த வீச்சு பாதியிலேயே பட்டென்று நின்றுவிடுகிறது. ஒரு தடவை லூரே அறுந்து போய்விட்டது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

டென்டன், டெக்சாஸ்

தம்பி, மாட்டியதை இழுக்கும்போது மேல்சுற்று லைன் அடிச்சுற்றுக்குள் புதைந்துவிடுகிறது. அடுத்த வீச்சில் அந்த இடம் வந்ததும் ஸ்பூல் பிடித்துக்கொள்ளும். லூர் மாட்டினால் ஸ்பூலில் பாரம் ஏற்றாதீர்கள். லைனை ஒரு குச்சியில் சில சுற்றுச் சுற்றிக் குச்சியைப் பிடித்து இழுங்கள், வெறுங்கையில் சுற்றினால் வெட்டிவிடும். அடுத்து வீசும் முன் லைனைக் கையால் உருவி, புதைந்த இடம் தாண்டும்வரை வெளியே எடுத்துவிட்டு, விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே திரும்பச் சுற்றுங்கள். அப்படியும் தொடர்ந்தால் ஒரு அளவு தடித்த பிரெய்டுக்கு மாறிவிடுங்கள். தூரம் கொஞ்சம் குறையும், லூர் மிஞ்சும்.